விருந்தினரிடம் எதற்குத் தனிக் கட்டணம் வாங்கலாம்?

கேள்வி: கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்களுக்கு இரண்டு படுக்கையறை கொண்ட வீடு ஒன்று இருக்கிறது. நானும் கணவரும் திண்டுக்கல்லில் வசிப்பதால், வீட்டை ஏர்பிஎன்பி என்ற முன்பதிவுத் தளம் வழியாகவும் தெரிந்தவர்கள் மூலமாகவும் நாள் வாடகைக்கு விடுகிறோம். நான்கு பேருக்கு ஓர் இரவுக்கு 5,500 ரூபாய். பின்கட்டில் குடியிருக்கும் ஒரு குடும்பம் வீட்டைப் பார்த்துக்கொள்கிறது. அக்கம்பக்கத்துக் காட்டேஜ்களில் எல்லாவற்றுக்கும் தனியாக வாங்குகிறார்கள் என்று சொல்லி, என் மகன் 14 கூடுதல் சேவைகளுக்கு விலைப்பட்டியல் போட்டுக் கொடுத்தான். ரூம் ஹீட்டர் 400, கேம்ப்ஃபயர் 1,000, பார்பிக்யூ 1,200, எக்ஸ்ட்ரா பெட் 600, காலை டிபன் தலைக்கு 150, சீக்கிரம் செக்-இன் செய்தால் 500, டிரைவர் தங்க 200, தண்ணீர் பாட்டில் 40, இ-பாஸ் எடுத்துத் தர 100 என்று அது நீள்கிறது. பணம் கொஞ்சம் வரத்தான் செய்தது. ஆனால் டிசம்பரில் தங்கிய ஒரு குடும்பம், ‘வீடு அருமை, தொட்டதற்கெல்லாம் காசு’ என்று ரிவியூ எழுதிவிட்டது. இரவு பத்து மணிக்கு அவர்கள் ஹீட்டர் கேட்டபோது கேர்டேக்கர் முதலில் பணம் அனுப்பச் சொன்னாராம். பட்டியலையே எடுத்துவிடலாமா? எதற்கு வாங்குவது, எதற்கு விடுவது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பட்டியலை எடுக்க வேண்டாம், குறையுங்கள். நீங்கள் எழுதியிருப்பவற்றுள் நான்கைந்து இனங்களே விற்பதற்குரியவை. மீதியில் சில வாடகைக்குள்ளேயே அடங்க வேண்டியவை. சில உங்கள் கையால் விற்கவே கூடாதவை. எந்த இனம் எந்தப் பக்கம் சேரும் என்று பார்ப்பதற்கு நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றே. இதை வேண்டாம் என்று சொல்லிவிட்டால், விருந்தினர் அந்த இரவை அந்த வீட்டில் வசதியாகக் கழிக்க முடியுமா? முடியும் என்றால் விலை வையுங்கள். முடியாது என்றால், அவர் அதற்கான பணத்தை முன்பதிவின்போதே கொடுத்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டு வருகிறார். அதையே இரண்டாம் முறை விற்க முற்படும்போது, தொகை சிறிதாக இருந்தாலும் அவருக்குக் கோபம் வரும்.

ரூம் ஹீட்டர் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில், டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும் ஊரில், மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ குழந்தைகளோடு வந்திருப்பவருக்கு ஹீட்டர் ஆடம்பரப் பொருள் ஆகாது. செலவைக் கணக்குப் பார்த்தாலும் உங்கள் 400 ரூபாய் நிற்கவில்லை. 2,000 வாட் ஹீட்டர் ஒன்று எட்டு மணி நேரம் இடைவிடாமல் எரிந்தால் 16 யூனிட். ஒரு யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 160 ரூபாய்தான் ஆகிறது. அறை சூடானதும் தானே நிற்கும் வகை ஹீட்டர் என்றால் அதுவும் குறையும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இரவு வாடகையை 5,500-லிருந்து 5,800 ஆக உயர்த்திவிட்டு, இரு அறைகளிலும் ஹீட்டரை முன்கூட்டியே வைத்துவிடுங்கள். வாடகை 300 ரூபாய் கூடியதற்காக முன்பதிவைக் கைவிடுகிறவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். இரவு பத்து மணிக்குக் குளிரில் நின்றுகொண்டு, விட்டுவிட்டு வரும் சிக்னலில் 400 ரூபாய் ஜிபே செய்ய வேண்டியிருந்தவர் அதை எழுதாமல் இருப்பது அரிது. கூடுதல் கம்பளி, துண்டு, குளிக்க வெந்நீர், குழந்தைக்குப் பால் காய்ச்ச அடுப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் இதே விதிதான். சமையலறை உண்டு என்று லிஸ்டிங்கில், அதாவது தளத்தில் உங்கள் வீட்டுக்கான பக்கத்தில், எழுதியிருந்தால், சமையலறைக்கோ கேஸுக்கோ தனிக் கட்டணம் கேட்காதீர்கள். அரிசி, பருப்பு, ஊறுகாய் சகிதம் வந்து இறங்கும் குடும்பங்கள் அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் உங்கள் வீட்டைத் தேர்ந்தெடுக்கின்றன.

அறவே நீக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் நடைமுறைக்கு வந்த இ-பாஸை அரசு இணையதளத்தில் எவரும் இலவசமாகப் பெறலாம். இலவசமாகக் கிடைப்பதற்கு நூறு ரூபாய் வாங்கினால், விருந்தினர் அதைக் கண்டுபிடிக்கும் நாளில் உங்கள் மற்ற விலைகளின் மீதும் சந்தேகம் விழும். முன்பதிவு உறுதியானதும் அனுப்பும் செய்தியிலேயே அந்த இணைப்பைச் சேர்த்துவிடுங்கள். தண்ணீர் பாட்டில் விற்பதை இன்றே நிறுத்துங்கள். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் தடை இருக்கிறது. பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்ற அறிவிப்பும் 2024-இல் வந்தது. ஒரு வடிகட்டியும் இரண்டு எவர்சில்வர் கூஜாக்களும் போதும். டிரைவருக்கு 200 ரூபாய் வாங்குவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லாத வழக்கம். கொடைக்கானல் மலைப்பாதையில் நாள் முழுவதும் வண்டி ஓட்டியவர் குளிரில் சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டு, மறுநாள் அதே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இறங்குகிறார். விடுதிகளில் ஓட்டுநர்கள் தங்க இடம் ஒதுக்க வேண்டும் என்று தமிழக அரசு 2023-இல் கட்டட விதிகளையே திருத்தியது. உங்கள் வீடு விடுதி அல்ல என்றாலும், பின்கட்டில் ஒரு கட்டிலும் கம்பளியும் ஒரு கழிப்பறையும் இலவசமாக இருக்கட்டும். அதை லிஸ்டிங்கிலும் குறிப்பிடுங்கள். வாடகைக் காரில் வருகிறவர்கள் தேடுகிற வசதி அது.

கூடுதல் படுக்கையின் நிலை வேறு. வாடகை நான்கு பேருக்கு என்று தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். ஐந்தாம் நபருக்கு மெத்தை, விரிப்பு, துவைப்பு, கூடுதல் வெந்நீர் என்று உண்மையான செலவு இருக்கிறது. ஆகவே 600 ரூபாய் நியாயமே. ஆனால் அதை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்காமல், முன்பதிவுத் தளத்திலேயே கூடுதல் நபருக்கான கட்டணமாகப் பதிந்துவிடுங்கள். எத்தனை பேர் என்று தேர்ந்தெடுக்கும்போதே தொகை தானாகக் கூடிவிடும். எத்தனை வயது வரையுள்ள குழந்தைக்குக் கட்டணம் இல்லை என்பதையும் எழுதுங்கள். வாசலில் நின்று குழந்தையின் வயதை விசாரிக்கும் நிலை கேர்டேக்கருக்கு வர வேண்டாம்.

சீக்கிரம் வருவதற்கான 500 ரூபாயில் ஒரு சிக்கல் இருக்கிறது. சென்னையிலிருந்து இரவுப் பேருந்தில் வருகிறவர் காலை ஏழு மணிக்கு உங்கள் வாசலில் நிற்பார். உங்கள் செக்-இன் நேரம் பகல் பன்னிரண்டு அல்லது ஒன்றாக இருக்கும். முந்தைய இரவு வீடு காலியாக இருந்தால், அவரை உள்ளே விடுவதால் உங்களுக்கு ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றும் இல்லை. வேறொருவர் தங்கியிருந்தால், 500 ரூபாய் வாங்கினாலும் உங்களால் அறையைத் தர இயலாது. எனவே முன்பதிவின்போது இதை விற்காதீர்கள். முந்தைய நாள் மாலை ஆறு மணிக்கு, வீடு காலியாக இருப்பது உறுதியானபின், காலை எட்டு மணி முதல் வரலாம் என்றும் அதற்கு 500 ரூபாய் என்றும் செய்தி அனுப்புங்கள். காலியாக இல்லாத நாளில் பெட்டிகளை வைத்துவிட்டு, பின்கட்டுக் குளியலறையில் முகம் கழுவி உடை மாற்றிக்கொள்ளும் வசதியை இலவசமாகக் கொடுங்கள். இரவு முழுவதும் பேருந்தில் உட்கார்ந்து வந்தவருக்கு அந்த அரை மணி நேரம் பெரிய விஷயம். வருகிற நேரம் மட்டும் உங்களுக்கு முன்பே தெரிய வேண்டும். அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காலை டிபன்தான் உங்கள் பட்டியலில் உள்ள நல்ல இனம், கவனமாக நடத்தினால். மலையில் காலை எட்டு மணிக்குக் குடும்பத்தோடு கிளம்பிக் கடைத்தெருவுக்குப் போய், வண்டி நிறுத்த இடம் தேடி, கூட்டத்தில் காத்திருந்து சாப்பிடுவதை யாரும் விரும்புவதில்லை. இட்லி, பொங்கல், சட்னி, சாம்பார், காபி என்று ஒரே ஒரு வகை டிபனை நிர்ணயித்துக்கொள்ளுங்கள். தேர்வு கொடுக்கத் தொடங்கினால் நான்கு பேருக்கு நான்கு விதமாகச் செய்ய நேரும். முந்தைய இரவு எட்டு மணிக்குள் சொல்ல வேண்டும், குறைந்தது இரண்டு பேருக்கு, காலை எட்டு முதல் ஒன்பதரைக்குள் பரிமாறப்படும் என்று மூன்று நிபந்தனைகள் போதும்.

இங்கே நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த 150 ரூபாயில் சமைப்பவருக்கு எவ்வளவு போகிறது? கேர்டேக்கரின் மனைவிதான் விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்டுகிறார் என்றால், மாதச் சம்பளத்துக்குள் அதையும் அடக்கிவிடுவது அநியாயம் மட்டுமல்ல, தொழிலுக்கும் நட்டம். நான்கு பேருக்கு 600 ரூபாய் வருகிறது. அதில் மளிகை, பால், எரிவாயு நீங்கலாக மிஞ்சுவதில் பெரும்பகுதியை அவருக்கே கொடுத்துவிடுங்கள். உங்களுக்குத் தலைக்கு இருபது ரூபாய் நின்றாலும் போதும். டிபனால் உங்களுக்குக் கிடைக்கும் உண்மையான ஆதாயம், லிஸ்டிங்கில் ‘வீட்டுச் சாப்பாடு கிடைக்கும்’ என்று எழுதிக்கொள்ள முடிவதும் அதனால் வரும் முன்பதிவுகளும்தான். பங்கு இல்லாத வேலையை, அவர்கள் இயல்பாகவே, ‘இன்றைக்கு முடியாது’ என்று தவிர்க்கத் தொடங்குவார்கள். நீங்கள் திண்டுக்கல்லில் இருந்துகொண்டு அதைச் சரிசெய்ய முடியாது. இந்தப் பங்கு ஏற்பாட்டை டிபனோடு நிறுத்தாமல், விற்கும் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு நிலையான தொகையாக எழுதி வைத்துவிடுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு உணவு வழங்கத் தொடங்கினால், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டப்படி பதிவு தேவை. சிறு அளவில் செய்கிறவர்களுக்கான அடிப்படைப் பதிவை இணையவழியில் செய்துகொள்ளலாம். பதிவுச் சான்றின் நகலைச் சமையலறைச் சுவரில் மாட்டி வையுங்கள். மது குறித்துக் கேட்கும் விருந்தினர்கள் இருப்பார்கள். வாங்கி வைத்து விற்பதும், ‘ஏற்பாடு’ செய்து கொடுத்துக் கூடுதலாக வாங்குவதும் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம் என்பதைக் கேர்டேக்கரிடம் நேரிடையாகச் சொல்லிவிடுங்கள்.

இனி நெருப்பு. கேம்ப்ஃபயரும் பார்பிக்யூவும் அதிகம் கேட்கப்படுபவை. இரண்டும் சேர்ந்து 2,200 ரூபாய் வருவதால், பட்டியலில் எதை விட்டாலும் இவற்றை விட உங்கள் மகனுக்கு மனம் வராது என்று ஊகிக்கிறேன். விற்கலாம். ஆனால் இங்கே நீங்கள் விலை வைப்பது விறகுக்கு என்று எண்ண வேண்டாம். நெருப்பு முழுமையாக அணையும் வரை அங்கே நிற்கும் ஓர் ஆளின் இரண்டு மணி நேரத்துக்குத்தான் அந்த விலை. தரையில் மூட்டாமல், கால் வைத்த இரும்புத் தொட்டி ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். அதை வீட்டுச் சுவர், மரக்கிளை, நிறுத்திய வண்டி ஆகிய எதற்கும் அருகில் இல்லாத ஓரிடத்தில், சுற்றிலும் சருகைக் கூட்டிவிட்டு நிலையாக வையுங்கள். ஒரு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் பக்கத்திலேயே இருக்கட்டும். விறகைப் பில்லோடு டிப்போவில் வாங்குங்கள்; கேர்டேக்கர் பக்கத்துச் சோலையில் பொறுக்கி வரும் வழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். பிப்ரவரி முதல் கோடை மழை பிடிக்கும் வரை புல்வெளி காய்ந்து கிடக்கும் வாரங்களில், காற்று வீசும் இரவுகளில், கேம்ப்ஃபயர் கிடையாது என்று மறுக்கும் அதிகாரம் கேர்டேக்கருக்கு இருக்க வேண்டும். மறுத்தால் பணம் முழுவதும் திரும்பும் என்பதும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ பலிகொண்டது காய்ந்த புல் நின்ற சரிவில்தான்.

பார்பிக்யூவில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கோழி வெந்து முடிந்தபின்னும் கரி கனன்றுகொண்டிருக்கும். இரவு பதினொரு மணிக்குக் குளிர் கூடும்போது, அந்த அடுப்பை அறைக்குள் தூக்கிவைத்துக் கதவை மூடிக்கொண்டால் இதமாக இருக்குமே என்று யாருக்காவது தோன்றும். கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குகிறவருக்கு மூச்சுத் திணறுவதே தெரியாது. இப்படி உயிரிழந்தவர்கள் கொடைக்கானலிலேயே உண்டு. ஆகையால் நீங்கள் பார்பிக்யூ கொடுப்பதாக இருந்தால், முடிந்தவுடன் கேர்டேக்கர் கரியைத் தண்ணீர் ஊற்றி அணைத்து, அடுப்பைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டில் பூட்டி வைக்க வேண்டும். ‘காலையில் எடுத்துக்கொள்கிறேன்’ என்பதற்கு அவருக்கு அனுமதி கிடையாது. அந்த 1,200-இல் 300 ரூபாயாவது இந்த வேலைக்காக அவருக்குப் போகட்டும். இப்படி ஆள் நிற்க முடியாத நாள்களில் பார்பிக்யூ இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஹீட்டரை வாடகைக்குள் சேர்க்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். பணம் கட்டினால்தான் ஹீட்டர் என்ற வீட்டில் கரியடுப்பின் மீது கண் போகும்.

இரண்டையும் இரவு பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். ஒலிபெருக்கிக்கு இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலி மாசு விதிகளில் தடை இருப்பதால், ஸ்பீக்கர் வாடகை என்ற இனம் பட்டியலில் வேண்டாம்.

கோடை ரோடு ரயில் நிலையம் சுமார் 80 கிலோமீட்டர் கீழே இருப்பதால், அழைத்துவரும் வசதியைச் சிலர் கேட்பார்கள். உங்கள் சொந்த காரை அனுப்பிக் கட்டணம் வாங்காதீர்கள். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டப்படி தவறு, வழியில் விபத்து நேர்ந்தால் காப்பீடும் சிக்கலாகும். நம்பகமான இரண்டு டாக்ஸி ஓட்டுநர்களின் எண்களைக் கொடுத்துவிட்டு, பேரத்தை அவர்களிடமே விட்டுவிடுங்கள். கமிஷன் வாங்கினால், வண்டி தாமதமாக வந்த குறையும் உங்கள் ரிவியூவில்தான் ஏறும். பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி பெறும் வழி, பூம்பாறை, மன்னவனூர் போகும் சாலை விவரம் போன்ற தகவல்களுக்கு விலை கிடையாது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டை வாங்கி வைத்துச் சந்தை விலைக்கே கொடுத்தால் சிலர் மகிழ்ச்சியோடு எடுத்துப்போவார்கள். அதில் லாபம் பார்க்க வேண்டாம். பிறந்தநாள் அலங்காரத்தை உள்ளூர்க் கடைக்காரரிடம் விட்டுவிடலாம், செலோடேப் ஒட்டிய சுவருக்கு மறுபடி வர்ணம் பூசும் செலவை நினைத்துச் சொல்கிறேன்.

விலையைச் சொல்லும் நேரம், விலையின் அளவைவிட முக்கியம். ஏர்பிஎன்பி போன்ற தளங்களில் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய எதையும் முன்பதிவு விலைக்குள்ளேயே காட்டியாக வேண்டும். வந்திறங்கியபின் துப்புரவுக் கட்டணம், ஹீட்டர் கட்டணம் என்று தளத்துக்கு வெளியே வாங்குவது அவற்றின் விதிகளுக்கு முரணானது. விருப்பச் சேவைகளை லிஸ்டிங்கில் விலையோடு எழுதி, வருகைக்கு மூன்று நாள் முன்பு ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். அந்தச் செய்தி இவ்வளவு இருந்தால் போதும்: ‘வணக்கம். சனிக்கிழமை உங்களை எதிர்பார்க்கிறோம். ஹீட்டர், வெந்நீர், குடிநீர், டிரைவர் தங்குமிடம் ஆகியவை வாடகையில் அடங்கும். காலை டிபன் தலைக்கு 150 ரூபாய், கேம்ப்ஃபயர் 1,000 ரூபாய், பார்பிக்யூ 1,200 ரூபாய். இவை உங்கள் விருப்பம் மட்டுமே. வேண்டியதை வெள்ளிக்கிழமை மாலைக்குள் சொன்னால் ஏற்பாடு செய்கிறோம்.’ பதில் வராவிட்டால் வேண்டாம் என்றே பொருள். மறுபடி கேட்கவும் கூடாது, கேர்டேக்கர் வாசலில் கேட்கவும் கூடாது. நுகர்வோர் கேட்காத ஒன்றை முன்னரே டிக் செய்து கூடையில் சேர்ப்பதையும், விலையைக் கடைசிவரை துண்டுதுண்டாக வெளியிடுவதையும் மத்திய அரசின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் முறையற்ற வணிக உத்திகள் என்றே பட்டியலிட்டிருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரு ‘பேக்கேஜ்’ ஆக்கி, மறுப்பதை விருந்தினர் தலையில் கட்டும் யோசனை உங்கள் மகனுக்கு இருந்தால், அதையும் இப்போதே விலக்கிவிடுங்கள்.

பணம் உங்கள் பெயரிலுள்ள யுபிஐ கணக்குக்கே வரட்டும். கேர்டேக்கரின் பங்கை வாரம் ஒருமுறை அவருக்கு அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு தொகைக்கும் தேதி, இனம், விருந்தினரின் முன்பதிவு எண் ஆகியவற்றோடு ஒரு ரசீதும் நோட்டில் ஒரு வரியும் இருக்க வேண்டும். இது வாடகையைப் போலவே வருமானம். வருமான வரிக் கணக்கிலிருந்து இதை விலக்க முடியாது. சேவைகளுக்கான ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய். அதைக் கணக்கிடும்போது டிபன், கேம்ப்ஃபயர் வசூலையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள். வரம்பைத் தாண்டிப் பதிவு செய்துகொள்ளும் நிலை வந்தால், டிபனை வாடகைக்குள் சேர்த்து ஒரே விலையாக விற்பதற்கும் தனி பில்லாகப் போடுவதற்கும் வரிக் கணக்கு வேறுபடும். சேர்த்து விற்றால், பொதுவாக அறைக்கு உள்ள விகிதமே முழுத் தொகைக்கும் பொருந்தும். அந்த முடிவை எடுக்குமுன், நோட்டில் சேர்ந்திருக்கும் ஆறு மாதக் கணக்கை எடுத்துக்கொண்டு ஆடிட்டரிடம் ஒருமுறை உட்காருங்கள்.